வீட்டுத் தோட்டாக் கணக்கு

ஆயிரம் தோட்டா என்று கேட்டால் ஒரு ஆயுதக்கிடங்கே கண்ணில் வந்து நிற்கும். அமெரிக்கக் கடையில் அது ஒரே ஒரு அட்டைப்பெட்டி. ஐம்பது ஐம்பதாக இருபது சின்னப் பெட்டிகள், மொத்த எடை பன்னிரண்டு கிலோ சொச்சம், அளவில் ஷூ வாங்கும் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நான் சொல்வது 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவை. ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக்களத்துக்குப் போய் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிறவருக்கு ஒரு தடவைக்கு 150 ஆகும். மாதம் ஒரு முறை போனால் அந்தப் பெட்டி ஏழாவது மாதத்திலேயே தீர்ந்துவிடும். காற்றில் வீசிய களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடுகிற ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 25 தோட்டா. ஞாயிறு காலை நாலு சுற்று ஆடினால் நூறு போய்விடும். அதற்கான 12 கேஜ் (துப்பாக்கிக் குழாயின் அளவு) தோட்டா ஒரு கேஸுக்கு, அதாவது ஒரு பெரிய பெட்டிக்கு 250, அதாவது இரண்டரை ஞாயிறு.

எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறதே என்று பயப்படவும் வேண்டாம், அதே காரணத்துக்காகப் பெருமைப்படவும் வேண்டாம். வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்ற கேள்விக்கு விடையை மாதக்கணக்கில்தான் தேட வேண்டும். அரிசியைப் பற்றிப் பேசும்போது யாரும் மணியை எண்ணுவதில்லை, எத்தனை மாதம் வரும் என்றுதான் கேட்கிறோம்.

கணக்குக்குப் போகுமுன் ஒரு முக்கியமான விஷயம். அமெரிக்காவில் எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக்கூட உடைமையாக வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய்விட்டு மிச்சத் தோட்டாவைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது விசாக்காரருக்குச் சின்ன விஷயமே அல்ல. விலக்கில் வருகிறோமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான் மீதியைப் படிக்க வேண்டும்.

கூட்டாட்சிச் சட்டத்தில் வீட்டில் வைக்கும் தோட்டாவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். இல்லினாயில் தோட்டா வைத்திருக்கவே தனி அடையாள அட்டை வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலும் நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலும் தோட்டா வாங்கும்போதே பின்னணிச் சோதனை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. வழக்குகளும் கூடவே வந்தன. மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் தீயணைப்பு விதியே எண்ணிக்கையை வரையறுக்கிறது. இந்தியாவில் இந்தக் கேள்விக்கே பெரிதாக இடமில்லை. எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்பது உரிமப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கீழே வருவது அமெரிக்க வீட்டுக்கான கணக்கு.

முதலில் மாதச் செலவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நினைப்பில் உள்ள செலவு வேறு, உண்மையான செலவு வேறு. "வாரம் ஒரு முறை போவேன்" என்கிறவர் ஆண்டு முடிவில் எட்டு முறை போயிருப்பார். கடந்த பன்னிரண்டு மாத ரசீதுகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதுதான் நிஜம். அது 150 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த கேள்வி, கடை எவ்வளவு காலம் காலியாக இருக்கும்? இதற்கு இரண்டு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலை நடந்தது. புதிய தடைச் சட்டம் வரப்போகிறது என்ற அச்சத்தில் எல்லாரும் வாங்கிக் குவித்தார்கள். .22 என்னும் சின்ன ரகத் தோட்டாவுக்கு அப்போது தொடங்கிய தட்டுப்பாடு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. அடுத்தது 2020 மார்ச். தொற்றுக்காலத்தில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு பெட்டி வாங்கினாலே அலமாரி காலி. 9 மி.மீ. தோட்டா ஒன்று இருபது சென்ட்டுக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 2021-இலும் பெரும்பகுதிக்கு அது தணியவில்லை.

இவ்வளவு நாள் ஏன் ஆகிறது என்றால், இடுக்கி பிடிப்பது பிரைமரில். குண்டு வார்க்கலாம், பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். அடியில் உட்காரும் அந்தச் சின்னத் தீமூட்டிக் குப்பியை மட்டும் பட்டறையில் செய்ய முடியாது. அன்றைக்கு அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்தவை சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் என நான்கே பெயர்கள். அதில் ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு போட்டது. அது போதாதென்று, 2021 ஆகஸ்ட்டில் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி கிடையாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. மலிவு விலை எஃகுக்கூட்டுத் தோட்டாவை நம்பியிருந்தவர்களுக்கு அது இரண்டாவது அடி.

ஆக, தட்டுப்பாடு என்றால் பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொள்வது நியாயம். அதற்காகப் பதினெட்டு மாதத் தோட்டாவை அடுக்கி வைக்கத் தேவையில்லை. பஞ்ச காலத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கலாம். காலித் துப்பாக்கியில் விசையை இழுத்துப் பழகும் பயிற்சிக்குத் தோட்டாவே வேண்டாம். ஆறு மாதச் சரக்கு பன்னிரண்டு மாதம் வரும். கடைக்காரர் ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டு பெட்டி என்று அளந்து கொடுப்பதும் முழுதாக நிற்காது. அந்தத் துளியும் சேர்ந்தால் பதினெட்டு மாதம் ஓட்டிவிடலாம். எனவே என் கணக்கு இது: அடிமட்டம் ஆறு மாதச் செலவு, அதாவது 150 பெருக்கல் ஆறு, 900. சரக்கு 900-ஐத் தொட்டதும் ஆயிரம் கொண்ட ஒரு கேஸ் வாங்க வேண்டும். உச்சம் 1,900, சுமார் 23 கிலோ. அதற்கு மேல் வாங்குவது தள்ளுபடி விலைக்காக என்றால் அது வியாபாரம். வீட்டுத் தேவையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தட்டுப்பாடு வந்த பிறகு மூன்று மடங்கு விலைக்கு மூட்டை கட்டுவதுதான் இதில் மிக மோசமான வாங்கல். தட்டுப்பாட்டை நீட்டிப்பதும் அதே கூட்டம்தான்.

இந்த வாய்ப்பாடு பயிற்சித் தோட்டாவுக்கு மட்டும். மற்றவற்றுக்கு வேறு தர்க்கம்.

வீட்டுப் பாதுகாப்புக்கென வைக்கும் குழிமுனைத் தோட்டா விலை அதிகம், 20 அல்லது 25 கொண்ட பெட்டியில் வரும். அதை ஆயிரக்கணக்கில் வாங்குவதில் அர்த்தமில்லை. வாங்கியதும் ஒரு 200 சுட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் துப்பாக்கியில் அந்தத் தோட்டா சிக்காமல் ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. ஓடுகிறது என்றால் கையில் நூறு இருந்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தினமும் துப்பாக்கியை இறக்கி ஏற்றுகிறவர்கள் அதே முதல் தோட்டாவையே திரும்பத் திரும்பத் துப்பாக்கியின் சுடும் அறைக்குள் அனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சரிவில் மோதிக் கூட்டுக்குள் கொஞ்சம் இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். .40 எஸ்&டபிள்யூ போல இயல்பிலேயே அழுத்தம் கூடிய தோட்டாவில் இது துப்பாக்கியையே உடைக்கலாம். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தால் அதைச் சுடவும் கூடாது, சேர்த்து வைக்கவும் கூடாது.

வேட்டைத் துப்பாக்கிக்குத் தேவை இன்னும் குறைவு. .308 தோட்டா பெட்டிக்கு 20. பருவத் தொடக்கத்தில் குறிக்கண்ணாடியைச் சரிபார்க்கப் பத்து, காட்டில் இரண்டோ மூன்றோ. நூறு தோட்டா பல ஆண்டு வரும். ஆனால் அந்த நூறும் ஒரே லாட்டாக, அதாவது ஆலையில் ஒரே தொகுதியில் செய்ததாக இருக்க வேண்டும். பெட்டியின் மடிப்பில் அச்சடித்திருக்கும் எண் அது. ஆலை லாட் மாற்றும்போது வெடிமருந்தின் தொகுதியும் மாறும், குண்டு விழும் இடம் நகரும். கடையில் ஐந்து பெட்டி எடுக்கும்போது ஐந்திலும் அந்த எண்ணைப் பார்த்து எடுக்கிறவரைக் கடைக்காரர் முறைக்க மாட்டார், மதிப்பார்.

.22 தான் கணக்கில் அடங்காதது. 500 தோட்டா கொண்ட கட்டை அங்கே செங்கல் என்றே சொல்கிறார்கள். எடை ஒன்றே முக்கால் கிலோகூட இராது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வீட்டில் ஒரு மதியத்தில் அரைச் செங்கல் கரையும். தட்டுப்பாடு அதிக நாள் நீடித்ததும் இதில்தான். அதனால் இதற்கு மட்டும் ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக்கலாம். நல்ல அடைப்பில் வைக்க வேண்டியதும் இதுவே: .22-இல் தனிப் பிரைமர் இல்லை, விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பிய கலவைதான். குண்டைக் கூடு பிடிக்கும் பிடியும் தளர்வு. ஈரம் நுழைய இடம் அதிகம்.

ஈரத்துக்கு வந்துவிட்டோம். குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்த ஆலைத் தோட்டா பல பத்தாண்டு தாங்கும். அதைக் கெடுப்பவை வெப்பம், ஈரம், அமோனியா, எண்ணெய்.

வெப்பம் மெதுவாகக் கொல்லும். உள்ளே இருக்கும் புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அது தானே சிதைந்து அமில வாயு விடும். அந்த வாயுவைப் பிடித்துக் கட்ட டைஃபினைலமைன் போன்ற நிலைப்படுத்தி ஒன்றைக் கலந்திருப்பார்கள். சூடு கூடக்கூட நிலைப்படுத்தி வேகமாகத் தீரும். டெக்சஸ், அரிசோனா கராஜும் கார் டிக்கியும் கோடையில் அடுப்பாகிவிடும். படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு எவ்வளவோ மேல். ஏசி ஓடும் வீட்டில் மனிதருக்கு ஏற்ற வெப்பம் தோட்டாவுக்கும் ஏற்றதே.

ஈரத்துக்கு ரப்பர் அடைப்புள்ள ராணுவ இரும்புப் பெட்டி நல்ல தீர்வு. பழையது வாங்கினால் மூடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வழுக்கி வந்தால் ரப்பர் செத்துவிட்டது. மூடுகிற நாள் உலர்ந்த நாளாக இருக்க வேண்டும். மழை நாளில் மூடினால் மழைக் காற்றைத்தான் உள்ளே பூட்டி வைக்கிறோம். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும், நிறம் மாறும் ஈரக்காட்டி அட்டை ஒன்றும் போட்டால் போதும். குளிர்ந்த அறையிலிருந்து வெக்கைக்கு எடுத்துப்போன பெட்டியை உடனே திறக்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோலத் தோட்டா வியர்க்கும். அரைநாள் மூடியபடியே விட்டு, பிறகு திறக்கலாம். அட்டைப்பெட்டியைக் கான்கிரீட் தரையில் நேராக வைத்தால் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பலகை போட்டு ஏற்ற வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று தோல் இடுப்புப்பட்டையில் செருகி வைக்கிறவர்கள் உண்டு. தோல் பதனிடும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், பிறகு தோட்டா அறைக்குள் சரியாக இறங்காது.

அமோனியாவின் கதை நம் ஊர்ப் பக்கத்துக் கதை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயத்தில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் சுடாமலே, தாமாக விரிசல் விட்டன. பருவத்தில் வந்த விரிசல் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1921-இல்தான் பிரிட்டிஷ் உலோக ஆய்வாளர்கள் காரணத்தை முழுதாக விளக்கினார்கள். குளிர்நிலையில் இழுத்துச் செய்த பித்தளைக்குள் இறுக்கம் எஞ்சியிருக்கும், லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து அமோனியா எழும், மழைக்காலக் காற்றில் இரண்டும் சேர்ந்தால் கூடு பிளக்கும். இன்றைய ஆலைகள் கூட்டின் கழுத்தைச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. ராணுவ 5.56 தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலப்பழுப்பு நிழல் அந்தச் சூட்டின் தடம்தான். அப்படியிருந்தும் கண்ணாடி துடைக்கும் திரவம், உர மூட்டை, அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் இவற்றோடு தோட்டாவை ஒரே அலமாரியில் வைப்பது அந்த லாயத்தைத் திரும்பக் கட்டுவதே. எண்ணெயும் வேண்டாம். துருவுக்குப் பயந்து தோட்டாமேல் ஊடுருவும் எண்ணெய் அடித்தால், அது பிரைமர் வழியே கசிந்து தீமூட்டியைச் செயலிழக்கச் செய்யலாம்.

தீப்பிடித்தால் வீடே வெடித்துச் சிதறும் என்பது சினிமா. விளையாட்டுத் தோட்டா ஆலைகளின் தரக் கழகமான SAAMI, தீயணைப்பு வீரர்களுக்காகவே பெரிய அளவில் தோட்டாக்களை எரித்துக் காட்டியிருக்கிறது. துப்பாக்கிக் குழாய்க்குள் அடைபடாத தோட்டா வெடித்தால் குண்டுக்குப் பின்னால் அழுத்தம் நிற்காது. கூடு கிழியும், இலேசான கூடும் பிரைமரும் தெறிக்கும், தீயணைப்பு வீரரின் முழு உடுப்பு அதைத் தாங்கும். மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிப்பதும் நடக்காது. ஆபத்து வேறொன்றில் இருக்கிறது: சுடும் அறைக்குள் தோட்டா ஏற்றிய துப்பாக்கி தீயில் கிடந்தால், அது சுட்டதுபோலவே சுடும். பூட்டி வைக்கும் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களுக்குத்தான் தீவிதி கறாராகப் பேசுகிறது. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்புப்படி, வீட்டில் புகையில்லா மருந்து அதன் மூலக் குப்பிகளில் 20 பவுண்டு வரை வைக்கலாம். அதற்கு மேல் 50 வரை என்றால் குறைந்தது ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000 வரை. ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். மரப்பெட்டி ஏன், இரும்புப் பெட்டி பலமாயிற்றே என்று கேட்கத் தோன்றும். பலம்தான் பிரச்சினை. இறுக மூடிய இரும்புக்குள் மருந்து பற்றினால் வாயு வெளியேற வழியில்லாமல் அது வெடிகுண்டாகிவிடும். மரப்பெட்டியின் மூட்டு பிய்ந்து வழிவிடும். தோட்டாவுக்கு நல்லதான அந்த ராணுவப் பெட்டியே மருந்துக்கு எமன். ஒரு பவுண்டு மருந்தில் 9 மி.மீ. தோட்டா ஆயிரத்துக்கு மேல் நிரப்பலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 20 பவுண்டு என்பது பெரும்பாலானோருக்குத் தேவைக்கு மேல்.

சரக்கு கூடும்போது பெருகும் இன்னொரு ஆபத்து கலப்பு. 20 கேஜ் தோட்டா மஞ்சளாக இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. கேஜ் எண் கூடினால் தோட்டா சிறியது; அதனால் 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழாய்க்குள் வழுக்கிப் போய்ச் சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். சுடவில்லையே என்று பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழாய் கையிலேயே வெடிக்கும். .300 பிளாக்அவுட் என்ற ரகம் 5.56-இன் கூட்டிலிருந்தே பிறந்தது, ஒரே மேகஸினில் உட்காரும், சில குண்டு வடிவங்களில் 5.56 அறைக்குள்ளும் நுழைந்துவிடும். முடிவு அதேதான். இந்த இரண்டு ஜோடியும் வீட்டில் இருந்தால் வெவ்வேறு நிறப் பெட்டி, முடிந்தால் வெவ்வேறு அலமாரி. மிச்சத் தோட்டாக்களை எல்லாம் கொட்டி வைக்கும் "சில்லறை டப்பா" எந்த வீட்டிலும் கூடாது.

பழைய சோவியத் 7.62x54R ரைஃபிள் தோட்டா 440 கொண்ட தகர டப்பாக்களாக வரும். சீல் உடைக்காதவரை கவலையில்லை. உடைத்தால் 440-க்கும் காவல் நீங்கள்தான். அதன் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பின் குழாயில் உப்புப் படியும். தண்ணீர் விட்டுக் கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டால் சீக்கிரமே துரு பூக்கும்.

இனி அடுக்கும் முறை. ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் இருக்கட்டும், முதுகு உங்களுடையது. தட்டு பலகைத்தூள் அட்டையாக இருந்தால் தொய்யும், கீழ்த்தட்டே நல்லது. துப்பாக்கிப் பெட்டகம் வேறு, தோட்டாப் பூட்டு வேறு, சாவியும் வேறு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பெட்டிமேல் ரகம், குண்டின் எடை, லாட் எண், வாங்கிய மாதம் எழுதி ஒட்டுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால், மளிகைக் கடைக்காரர் செய்வதுபோல. வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் தோட்டா பற்றி என்ன இருக்கிறது என்று ஒரு முறை வாசித்துவிடுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வீடு மாற்றித் தரும் நிறுவனங்கள் தோட்டாவை ஏற்றாது, அவர்களுக்கு அது அபாயப் பொருள். ஐயாயிரம் தோட்டா 60 கிலோ, உங்கள் காரில் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அடிக்கடி ஊர் மாறுகிறவருக்கு ஆறு மாதக் கணக்கு நாலாகலாம்.

சுடாமல் போன தோட்டாவையும் களிம்பேறியதையும் குப்பையில் போடக் கூடாது. ரேஞ்சில் விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முப்பது நொடி குழாயைக் குறியை நோக்கியே வைத்திருந்து, பிறகு எடுத்து அங்குள்ள செத்த தோட்டா வாளியில் போடுங்கள். வீட்டில் சேர்ந்ததை உள்ளூர்க் காவல் நிலையமோ தீயணைப்பு நிலையமோ வாங்கிக்கொள்கிறதா என்று முதலில் போனில் கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம்.

மாதக் கடைசியில் ஒரு நோட்டில் இருப்பு எழுதும்போது அலமாரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையும் கவிழ்த்து உதற வேண்டும், ஓரத் தையலில் கைவிட்டுத் துழாவ வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அதே பையை எடுத்துவந்து, மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டியவர்கள் உண்டு. தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நிரூபித்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்வதற்குள் விடுமுறை போய்விடும், வேலையும் போகலாம். ரேஞ்சுக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை. ரேஞ்ச் பையின் கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, அதைத் தோட்டா அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.